ஐந்தொகையில் ஓர் ஆயுள்

திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கை அரசிடம் கையளித்தனர். ஐந்தாண்டு நிறையுமுன், 1962இன் தொடக்கத்தில், புதிய ஆயுட் காப்புறுதித் தொழில் அரச கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிற்று. அத்தனியுரிமை பிற்காலத்தில் நீங்கிவிட்டது. காப்புறுதிப் பத்திரமோ துறைமுகத் தொழிலாளர் இல்லங்களில் நிலைத்துவிட்டது.

தொழிலாளி ஒருவர் அப்பத்திரத்தை வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெறுகிறார் எனக் கொள்வோம். பத்திரம் வங்கியின் இரும்புப் பெட்டியில் உறங்கும். ஆயினும் அது வங்கியின் சொத்தன்று. அடகு பிடித்த நகையைத் தமது நகை என்று எவரும் கணக்கெழுதார் அன்றோ? ஐந்தொகையில் சொத்தாக ஏறுவது அவர் தீர்க்கவேண்டிய கடன் மாத்திரமே. அவர் காலமானால் வங்கி தனக்குரியதை எடுத்துக்கொள்ளும். எஞ்சியது குடும்பத்துக்குச் சேரும்.

வங்கியே தன் உத்தியோகத்தரின் ஆயுளைக் காப்புறுதி செய்து, கட்டுப்பணம் செலுத்தி, பயனையும் தானே பெறுவது வேறொரு வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது பெரிதும் வேரூன்றியுள்ளது. அங்கு 1985இல் வகுக்கப்பட்ட கணக்கியல் விதியின்படி, செலுத்திய கட்டுப்பணமோ, மரணத்தின்போது வரவேண்டிய பெருந்தொகையோ சொத்தின் அளவாகாது. இன்றே பத்திரத்தை ஒப்படைத்தால் கிடைக்கும் ஒப்படைப்புப் பெறுமதியே அளவு.

ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டுக் கட்டுப்பணம் 1,000 ரூபா, அவ்வாண்டில் ஒப்படைப்புப் பெறுமதி 8,000இலிருந்து 8,700 ஆகிறது. சொத்தில் 700 கூடும். எஞ்சிய 300 செலவு. ஒப்படைப்புப் பெறுமதி எதுவும் சேராத தொடக்க ஆண்டுகளிலோ கட்டுப்பணம் முழுவதுமே செலவுதான். புதிய பத்திரம் வாங்கியவுடன் செல்வம் பெருகியதாகக் காட்ட முனைவோருக்கு இவ்விதி இடங்கொடாது. நல்ல விதி என்றே சொல்ல வேண்டும்.

அந்த உத்தியோகத்தர் மறைந்து, 50,000 ரூபா வங்கிக்கு வருகிறது எனின், 8,700 போக 41,300 இலாபமாகப் பதிவாகும். வீட்டில் துக்கம், பேரேட்டில் வரவு. கணக்கில் பிழை யாதுமில்லை. ஆனால் தம் உயிரின்மேல் இப்படியொரு பத்திரம் உண்டென்பதை அவர் அறிந்திருந்தாரா?

பிறர் உயிரின்மேல் பந்தயங்கட்டும் சூதைத் தடுக்க இங்கிலாந்து 1774இலேயே சட்டம் இயற்றியது. அமெரிக்காவில், அறியாத் தொழிலாளரின் உயிர்மேல் பத்திரம் எடுத்த நிறுவனங்கள் பல இருந்தமையால், 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது: பத்திரம் எடுக்குமுன் ஊழியருக்கு எழுத்தில் அறிவித்து, அவர் இசைவையும் எழுத்தில் பெறவேண்டும், தவறினால், செலுத்திய கட்டுப்பணத்துக்கு மேற்பட்ட மரணப் பயனுக்கு வரி உண்டு. அதற்கு முன்னரே, 2004இல், வங்கி மேற்பார்வை அதிகாரிகள் இத்தகைய பத்திரங்களின் ஒப்படைப்புப் பெறுமதி, வங்கியின் முதன்மை மூலதனமும் கடனிழப்பு ஒதுக்கமும் சேர்ந்த தொகையில் நூற்றுக்கு 25ஐ மிஞ்சுவது பொதுவாக விவேகமன்று என எச்சரித்திருந்தனர். காப்புறுதிக் கம்பெனி நொடித்தால் ஒப்படைப்புப் பெறுமதியும் ஆட்டங்காணும் என்பதே அவர்தம் கவலைகளுள் ஒன்று.

பத்திரத்தை வங்கிக்கு எடுத்துச் செல்லும் நேயர் கையொப்பமிடுமுன் அதனை ஈடாக வைக்கிறாரா, உரிமையையே முற்றாக மாற்றிக் கொடுக்கிறாரா என்று வினவட்டும். கடன் தீர்ந்த நாளில் பத்திரத்தோடு விடுவிப்புக் கடிதத்தையும் கேட்டுப் பெறட்டும்.