புளிக்கரைசலில் ஒரு பேட்டரி

காலையில் ரசத்துக்குப் புளி கரைக்கிறீர்களா? கொஞ்சம் தனியே எடுத்து வையுங்கள். அதை வைத்து ஒரு சின்ன விளக்கு எரிக்கலாம்.

நாலு சின்னக் கிண்ணத்தில் கெட்டியான புளிக்கரைசல். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பி, துத்தநாகம் பூசிய ஓர் ஆணி. கூரைத் தகரத்துக்கு அடிக்கிறோமே, அந்த ஆணிதான். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு கிண்ணத்துச் செம்பை அடுத்த கிண்ணத்து ஆணியோடு கம்பியால் இணையுங்கள். கடைசியில் மிஞ்சும் இரண்டு முனைகளிலும் சிவப்பு எல்.இ.டி. விளக்கை வையுங்கள். எரியாவிட்டால் விளக்கின் கால்களை மாற்றி வையுங்கள். மங்கலாக எரியும். இருட்டில் பார்த்தால் எவ்வளவு அழகு!

மின்சாரம் புளியிலிருந்து வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. துத்தநாகம் கரைகிறது, அதனால் வருகிறது. புளி வழிவிடுகிறது, அவ்வளவுதான்.

1800-இல் இத்தாலியில் வோல்டா அறிவித்த பேட்டரியும் இப்படித்தான். வெள்ளி, துத்தநாகம், நடுவே உப்புநீரில் நனைத்த துணி அல்லது அட்டை.

வெள்ளியும் துணியும் பட்டு நெய்யும் ஆரணிப் பக்கத்துக்குப் புதிதா என்ன? அசல் பட்டு ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. அதன்மேல் மின்சாரத்தால் தங்கமுலாம் ஏற்றுவது பேட்டரியின் மறுபக்கம். பேட்டரியில் உலோகம் கரைந்தால் மின்சாரம் வருகிறது. முலாமில் மின்சாரம் கொடுத்தால் உலோகம் படிகிறது. இந்த மின்வேதியியல் துறைக்கென்றே காரைக்குடியில் 'சிக்ரி' ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

பிள்ளைகள் இன்றைக்கே செய்து பார்க்கட்டும். வீட்டு பிளக் பக்கம் மட்டும் அந்தக் கம்பி போகக் கூடாது. முடிந்ததும் புளியைக் கொட்டிவிடுங்கள். துத்தநாகம் கரைந்த புளி ரசத்துக்கு ஆகாது.