உழவாரம் ஏந்த வந்தோரே, வருக!

(உழவாரத் திருப்பணி மன்றத்தில் புதிதாகச் சேர்ந்த அன்பர்களை வரவேற்று ஆற்றிய உரை)

 

வரவேற்புரை ஆற்றுமாறு மன்றத்தார் பணித்தார்கள். வந்தவரைப் புகழ்ந்து பொன்னாடை போர்த்துவதே வரவேற்பு என்று இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. உழவாரப்பணிக்கு வந்தவரை அவ்வாறு வரவேற்பது பொருந்துமா என்பது ஐயமே. சைவ உலகில் இப்பணிக்கென்றே நிகழ்ந்த வரவேற்பு ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் அதனைக் காட்டுகின்றார். அதனை முதலில் நினைவுகூர்வோம்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகத் தோன்றிய மருணீக்கியார், சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்று, பாடலிபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தார். சூலைநோய் வந்து வருத்தியபோது, எவரும் அறியாமல் இரவில் புறப்பட்டுத் திருவதிகைக்கு வந்து, தமக்கையார் திலகவதியாரின் அடிகளில் விழுந்தார். அவ்வம்மையாரோ, மணம் பேசிய கலிப்பகையார் போரில் உயிர் துறந்தபின், தம்பிக்காகவே உயிர் தாங்கி, திருவீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் மலர் கொய்து மாலை தொடுத்தும் தொண்டு செய்து வந்தவர். இத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தாய், நோய் வந்ததனால்தானே வந்தாய் என்று அவர் கணக்குக் கேட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. திருநீறு அளித்தார். பொழுது புலருமுன், நாள்தோறும் கொண்டுசெல்லும் அலகையும் மெழுக்கையும் தோண்டியையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டார். வரவேற்பு அவ்வளவுதான். நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளை அருளிய நாவுக்கரசர் பெருமான், சிவபெருமான் திருக்கோயிலுக்குள் மீண்டும் நுழைந்தது ஒரு துடைப்பத்தின் பின்னால் நடந்துதான்.

ஆகையால் மூத்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வருவோரை, ஏன் வந்தீர்கள் என்று கேளாதீர்கள். நேர்த்திக்கடனுக்காக வருவார் ஒருவர். ஓய்வு பெற்றபின் பொழுது போகவில்லையென்று வருவார் ஒருவர். கல்லூரியில் சான்றிதழ் கேட்கின்றார்கள் என்று வருவார் ஓர் இளைஞர். வரட்டும். வந்த காரணம் வந்தவரோடு இருக்கட்டும். ஒரு துடைப்பத்தை எடுத்துக் கொடுத்து, எவ்விடத்தைக் கூட்டவேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.

இனிப் புதிய அன்பர்களோடு பேசவேண்டும்.

உழவாரம் என்பது புல் செதுக்கும் கருவி. நீண்ட கோலின் நுனியில் தட்டையான இரும்பலகு பொருத்தியிருக்கும். அப்பர் பெருமானின் திருமேனிகளை எந்தக் கோயிலில் கண்டாலும் தோளில் அது சாய்ந்திருக்கக் காணலாம். மண்வெட்டி நிலத்தை வெட்டிப் புரட்டும், கடப்பாரை பெயர்க்கும். உழவாரமோ நிலத்தை ஒட்டிச் சென்று, வேண்டாத புல்லையும் முள்ளையும் மட்டும் எடுக்கும். அடியார் நடக்கும் தரையை அது காயப்படுத்தாது. கட்டுவோர் பிழை செய்தால் இடித்துவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். நீக்குவோர் பிழை செய்தால் நீங்கியது திரும்பி வருவதில்லை. இன்று அடியேன் சொல்ல வந்த செய்தி இது ஒன்றே. மற்றவை இதன் விரிவு என்று கொள்ளுங்கள்.

உத்தரமேரூரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழர் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையில் வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர்ப்பணிகளைப் பகுத்துக்கொண்டதும், வாரியப் பணிக்குரியார் யார், உரியரல்லார் யார் என்பதும் அச்சுவரில் உள்ளன. வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டுமாம். அடியேனுக்கு அங்கே இடமில்லை. நம் மன்றத்தார் அவ்விதியைக் கைக்கொள்ளாதது அடியேன் செய்த தவம். இத்தகைய செய்தி ஒரு கோயிற் சுவரில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மழையையும் வெயிலையும் தாங்கி நின்றிருக்கின்றது. ஆனால் அச்சுவர்மீது ஆர்வம் மிக்க நாலு பேர் கம்பித் தூரிகையோடு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறியிருந்தால், நமக்கு மிஞ்சியிருப்பது தூய்மையான கற்சுவர் மட்டுமே.

மிகைப்படுத்திச் சொல்வதாக எண்ணவேண்டா. அடியேன் புலவர் வகுப்பில் பயின்ற நாளில், சிறிய சிவாலயம் ஒன்றன் கருவறைப் புறச்சுவரில் ஒரு கல்வெட்டை விரலால் தடவித் தடவிப் படித்ததுண்டு. நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்ட செய்தி அது. அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும். இறப்பனவற்றுக்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்துவரும், எண்ணிக்கை குறையாது, விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் அளக்கப்படும். பல்லாண்டு கழித்து அக்கோயிலுக்கு மீண்டும் சென்றேன். திருப்பணி நிறைவேறிக் கோயில் பளபளத்தது. மணலை விசையோடு பீய்ச்சிச் சுவரைத் துலக்கியிருந்தார்கள். எழுத்து இருந்த இடத்தில் அம்மை வடுப்போலச் சில புள்ளிகள் இருந்தன. ஆடும் இல்லை, விளக்கும் இல்லை, விளக்கிட்டவன் பெயரும் இல்லை. அப்பணியைச் செய்தவர்கள் தீயவர் அல்லர். கைப்பொருள் செலவிட்டுச் செய்த பத்தர்களே. அதுதான் நெஞ்சை வருத்துகின்றது.

எனவே எழுத்துள்ள கல்லில் கம்பித் தூரிகையோ அமிலமோ கூடாது. அதன்மேல் சுண்ணாம்போ வண்ணமோ பூசுதல் ஆகாது. ஒட்டடையை மென்மையான துடைப்பத்தால் எடுங்கள், அது போதும். எழுத்து இருக்கின்றதா என்று ஐயம் தோன்றினால், இருக்கின்றது என்றே கொண்டு விலகி நில்லுங்கள். தூணிலும் சிற்பத்திலும் அப்பிய திருநீற்றையும் குங்குமத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கண்டால் கை துறுதுறுக்கும். கூரிய இரும்பால் சுரண்டினால் சிற்பத்தின் மூக்கும் விரலும் சேர்ந்து வந்துவிடும். தரையில் படிந்த எண்ணெய்க்குச் சீயக்காய்த் தூளும் அரிசி மாவும் போதும். சிற்பத்தில் படிந்ததை அறிந்தவரைக் கேட்டே தொடுதல் வேண்டும். விமானத்துச் சுதையுருவங்கள்மேல் நீரை வாரி இறைத்தலும் தவறு. சுதைக்கு ஊறுதல் பகை.

கோபுரத்திலும் மதிலிலும் முளைத்திருக்கும் ஆலங்கன்றும் அரசங்கன்றும் எல்லோர் கண்ணிலும் படும். பறவையின் எச்சத்தில் வந்த விதை, செங்கல் இடுக்கில் வேரோடி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கட்டடத்தையே பிளந்துவிடும். மேலே வெட்டிவிட்டால் அடுத்த மழைக்குத் தழைத்து வரும். வலிந்து பிடுங்கினாலோ வேரோடு செங்கல்லும் காரையும் பெயர்ந்து விழும்; பிடுங்கினவரும் விழக்கூடும். விரல் அளவுக் கன்றாக இருக்கும்போதே கண்டு எழுதிக்கொண்டு அலுவலகத்தில் தெரிவிப்பதுதான் நம் வேலை. ஸ்தபதியும் பொறியாளரும் பார்த்து வேரை அழிக்கட்டும். கண்டு சொல்வதும் பணியே.

மற்றொரு பணியை ஒருவரும் நினைப்பதில்லை. மண்டபங்களின் மேல்தளத்தில் சருகும் மண்ணும் சேர்ந்து நீர்த்தூம்புகள் அடைபட்டுக் கிடக்கும். மழைநீர் தேங்கும், தட்டோடுகளின் இடுக்கு வழியே இறங்கும், உள்ளே விதானம் கசியும். புரட்டாசி பிறக்குமுன் ஒருநாள், அலுவலகத்தின் இசைவோடு மேலே சென்று தூம்புகளைத் திறந்துவிட்டால், அவ்வாண்டின் மழை முழுவதிலிருந்தும் மண்டபத்தைக் காத்தவராவீர்கள். அவ்விடத்தில் உங்களைக் காண்பார் எவரும் இரார்.

வலிமை இல்லையே, முதுகு வலிக்கின்றதே, எங்களால் என்ன ஆகும் என்று சிலர் தயங்குகின்றீர்கள். திருவாரூரில் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்பார்வை அற்றவர். திருக்குளத்தின் இடம் குறைந்து போவதைக் கேட்டு வருந்தித் தாமே தோண்டத் தொடங்கினார். குளத்தின் நடுவே ஒரு தறி நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே இறங்கி மண்ணை வெட்டுவார்; அதனைத் தடவிக்கொண்டே கரையேறி மண்ணைக் கொட்டுவார். அவருடைய அன்பைப் பாராட்டுவோர் பலர். அடியேன் அந்தக் கயிற்றையும் பாராட்டுவேன். தமக்கு எது இயலாது என்பதை அறிந்து அதற்கு ஒரு வழி அமைத்துக்கொண்டார் அல்லவா? முழங்கால் வலி உடைய தாய்மார்கள் விளக்குத் துலக்கலாம், மாலை தொடுக்கலாம், நந்தவனத்து நந்தியாவட்டைக்கு நீர் வார்க்கலாம். எழுதப் படிக்க வல்லவர் வருகைப் பதிவும் வரவு செலவும் எழுதலாம்.

வரவு செலவு என்றவுடன் உத்தரமேரூர் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்துக்கு உரியரல்லர். அவருடைய நெருங்கிய உறவினரும் உரியரல்லர் என்று அச்சபையார் விதித்திருந்தனர். துடைப்பம் வாங்கிய காசாக இருந்தாலும் எழுதி வையுங்கள். தொண்டர் கூட்டங்கள் பெரும்பாலும் பகையால் உடைவதில்லை. எழுதாத சிறு கணக்கால் உடைகின்றன.

திருப்புகலூரில் நாவுக்கரசர் உழவாரம் ஏந்திப் பணி செய்தபோது, அலகு பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் தோன்றின. அவர் அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்தே வாரி வாவியில் எறிந்தார். அது அவர் நிலை. நாம் அவ்வாறு எறியவும் ஆகாது. புதரை அகற்றும்போது பழங்காசோ செப்பேடோ திருமேனியோ தென்பட்டால் கை வைக்காமல் வேலையை நிறுத்திச் செயல் அலுவலருக்கு உடனே தெரிவியுங்கள். புதையலை அரசுக்கு அறிவித்தல் வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியுள்ளார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசையில் வைத்தேன் என்பது விடையாகாது.

பெயரைப் பற்றி ஒரு சொல். கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்று வழங்கி, ஒளி வெளியே வராதபடி அதன்மேல் பெயரெழுதும் வழக்கத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். இப்பொழுது அவ்விடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. குப்பையைக் கூட்டுமுன் ஒரு படம், கூட்டியபின் ஒரு படம். இடையில் கூட்டியவர் எவரோ! திங்களூரில் அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்து, தாம் அதுவரை கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரை எழுதினார். நும் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வழிப்போக்கராக வந்த நாவுக்கரசரே கேட்க, அப்பூதியார் சினந்துவிட்டார். வந்தவர் அவரே என்று அறிந்தபின் நிகழ்ந்ததைப் புராணத்தில் படித்துக்கொள்ளுங்கள். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் 60 தனியடியார்களோடு 9 தொகையடியார்களையும் போற்றியிருக்கின்றார். அவ்வொன்பது கூட்டத்தாரில் ஒருவருக்கும் தனிப்பெயர் சொல்லப்படவில்லை. நாம் சேரத்தக்க வரிசை அது.

மூத்தவர்கள் சொல்லத் தயங்கும் ஒன்றை அடியேன் சொல்லிவிடுகின்றேன். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள். இரண்டாம் மாதம் உடல்வலியை நினைத்துச் சிலர் நிற்பார்கள். மூன்றாம் மாதம் உறவினர் வீட்டுத் திருமணம் வரும். சென்றமுறை செதுக்கிய இடத்திலேயே புல் மீண்டும் முளைத்திருப்பதைக் கண்டு, இதனால் என்ன பயன் என்று மனம் சலிக்கும். புல்லின் இயல்பு முளைப்பது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. திலகவதியாரும் ஒருநாள் அலகிட்ட முன்றிலையே மறுநாளும் அலகிட்டார். தம்பி திரும்பி வந்த அந்த இரவு முடிந்த விடியலிலும் அப்பணி நிற்கவில்லை. இயலாத மாதத்தில் வரவில்லையென்று தெரிவித்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள். வெட்கப்பட்டு நின்றுவிடாதீர்கள்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குத் தெற்குத் திருச்சுற்றில் மடைப்பள்ளிச் சுவரோரம் தொடங்குகின்றோம். அங்கே நெருஞ்சி மண்டியிருக்கின்றது. புதருக்குள் கை விடுமுன் கோலால் தட்டிப் பாருங்கள், பாம்பு இருக்கலாம். கருவிகள் மன்றத்தில் உள்ளன; கையுறையும் குடிநீரும் நீங்கள் கொண்டு வாருங்கள். பணி முடிந்து நீராடியபின் வழிபாடும் பதிகம் ஓதுதலும், அதன்பின் உணவும். மாற்றுடை மறவாதீர்கள்.

திருச்சிற்றம்பலம்.