மண்ணின் பாட்டும் மறைத்த காதலும்

(சப்ரகமுவத் தோட்ட மக்களிடையே நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் ஒருவரைப் பற்றி இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நாம் ஏன் பேசவேண்டும்? அவர் கதையில் நம் கதையும் இருக்கிறது, ஆகவே பேசுகிறோம்.

பெடரிகோ கார்சியா லோர்கா 1898ஆம் ஆண்டு, ஸ்பெயினின் தென்பகுதியாகிய அந்தலூசியாவில், கிரனாடாவை அடுத்த சிற்றூரொன்றிலே பிறந்தார். தந்தை நிலக்கிழார், தாய் ஆசிரியையாக இருந்தவர். ஆயினும் வேலைக்கு வந்த ஏழைப் பெண்கள் பாடிய தாலாட்டும் கதைப்பாட்டுமே அவர் செவியில் ஊறின. பின்னாளில் தாலாட்டைப் பற்றியே ஓர் உரை நிகழ்த்தி, அக்கடனை நன்றியோடு ஒப்புக்கொண்டார். லயத்துக் காம்பராவில் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று.

1928இல் வெளிவந்த அவருடைய ஜிப்சிக் கதைப்பாடல்கள், ஒதுக்கப்பட்ட மக்களைக் கவிதைப் பொருளாக்கின. 1932 முதல் மாணவர் குழுவோடு ஊரூராகச் சென்று உழவர் முன் நாடகம் நடத்தினார். காமன் கூத்தை விடிய விடியப் பார்க்கும் நம் மக்கள் அதன் அருமையை அறிவர்.

இத்தகைய மனிதர் ஆண்களையே காதலித்தார். ஊரும் மதமும் பழித்த அக்காதலை வெளிப்படக் கூற அவரால் இயலவில்லை. அவர் எழுதிய காதற் கவிதைகள் முழுமையாக அச்சேற 1980கள் வரை காத்திருக்க நேர்ந்தது. 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் மூண்ட மறுமாதம், பிராங்கோவின் பக்கத்தார் அவரைச் சுட்டுக் கொன்றனர். 1965இல் கிரனாடாப் பொலிசார் எழுதிய அறிக்கை 2015இல் வெளிவந்தது. சமதர்மவாதி என்பதோடு அவருடைய காதலும் அதிலே குற்றமாக எழுதப்பட்டிருந்தது!

இங்கே நிலை என்ன? 1883இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை இத்தகைய உறவைக் குற்றமாக்கிற்று. 1995இல் 365அ பிரிவு பெண்களுக்கும் விரிக்கப்பட்டது. அதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

“சம்பளமும் காணியும் கேட்கும் நமக்கு இது எதற்கு?” என்பீர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்கள் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. அவர்கள் செய்த குற்றம் என்ன? பிறப்பைத் தவிர வேறொன்றுமில்லை. சட்டம் என்பதனாலேயே அது நீதியாகிவிடாது என்று நம் முன்னோர் வாதாடினர். அவ்வாதத்தை நமக்கு மட்டுமே உரியதாக்கிக்கொண்டு, அதே வாதத்தோடு வரும் இன்னொருவருக்குக் கதவடைப்பது எந்த நியாயம்?

நம் லயங்களிலும் இத்தகைய பிள்ளைகள் உண்டு. அஞ்சி வாய்மூடி வாழ்கின்றனர். அவர்களை வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் சம்பளத்தைக் கேட்கும் அதே வாயால் இதனையும் கேளுங்கள்.