நாலு பொம்மை போதும்



அளவான குடும்பம் பற்றிப் பேச வருகிற சுகாதாரத் துறைக்காரர் இன்று அளவான பொம்மை என்று ஆரம்பித்துவிட்டாரே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், குற்றமில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கு அடியில் ஒரு தரம் குனிந்து பாருங்கள். கை ஒடிந்த கரடி, சக்கரம் போன கார், மூடியைத் தொலைத்த டப்பா, சத்தம் நின்றுபோன துப்பாக்கி எல்லாம் கிடக்கும். போன வருஷம் தேடித் தேடிச் சலித்த கொலுசுத் திருகும் அங்கேயே கிடைக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் கிராம சுகாதாரச் செவிலியருடன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஓர் அடுப்படி. அவ்வளவுதான் வீடு. தகப்பனாருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஊருக்கு வருவார். வரும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பொம்மை வாங்கி வருவார். மூத்தவனுக்கு மூன்றரை வயது. இளையது பத்து மாதப் பெண் குழந்தை, தவழ்கிறது. அந்த ஓர் அறைக்குள் இரண்டு சாக்கு, ஒரு அட்டைப் பெட்டி, ஒரு கூடை நிறையப் பொம்மைகள்!

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் பையன் கூடையைக் கவிழ்த்தான். ஒன்றை எடுத்தான், எறிந்தான். இன்னொன்றை எடுத்தான், அதையும் எறிந்தான். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளரும் கரண்டியும் எடுத்து வந்து தட்ட ஆரம்பித்துவிட்டான். சின்னது அந்தக் குவியலுக்குள் தவழ்ந்துபோய் எதையோ எடுத்து உதட்டில் வைத்தது. செவிலியர் எட்டிப் பிடித்துக் கையை விரித்துப் பார்த்தார். வெள்ளிக்காசு போல மின்னுகிற ஒரு பட்டன் பாட்டரி.

அன்று தகப்பனாரும் வீட்டில் இருந்தார். "எத்தனை தரம் சொல்லியிருப்பேன், கேட்டீங்களா? நீங்களே சொல்லுங்க சார்" என்று அந்தத் தாய் அழுதார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளைங்க என்னைப் பார்க்கிறதே மாசத்துல நாலு நாளு சார். கையை வீசிக்கிட்டு எப்படி வர்றது?" என்றார். எனக்கும் உடனே பதில் வரவில்லை.

முதலில் அந்தப் பாட்டரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாட்டுப் பாடும் பொம்மை, வெளிச்சம் வரும் பம்பரம், டி.வி. ரிமோட் இவற்றிலெல்லாம் இப்போது இது இருக்கிறது. குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டதும் மின்சாரம் ஓடி, சதையை வேகவைக்கிற மாதிரி அரித்துவிடும். இரண்டு மணி நேரத்திலேயே புண் ஆழமாகிவிடலாம். தீர்ந்துபோன பாட்டரிதானே என்று நினைக்காதீர்கள். பொம்மையை ஓட்ட முடியாத பாட்டரிக்கும் சதையைச் சுடுகிற சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாழைப்பழம் கொடுத்து வெளியே வருமா என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து, எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கழன்ற சக்கரமும், பொம்மையின் கண்ணும், மணியும் மூச்சுக்குழலை அடைத்துவிடும். பத்து ரூபாய் நாணயத்தின் அகலம்கூட இல்லாத எந்தச் சாமானும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. அதைவிடச் சற்றுப் பெரியதும் ஆபத்துதான். ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கு அடைத்துக்கொண்டு, அழவும் முடியாமல் திணறினால், முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே ஐந்து தரம் அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரலை விடாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். இதைச் செய்யும் முறையை உங்கள் கிராமச் செவிலியரிடம் ஒரு தரம் நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

அறையில் இடமில்லாமல் கொல்லைக்குப் போகிற பொம்மைகளும் இருக்கின்றனவே! உடைந்த வண்டி, பிளாஸ்டிக் சட்டி, அதன் பக்கத்தில் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. ஒரு மழை பெய்தால் போதும், டெங்குக் கொசுவுக்கு அதுவே பிரசவ அறை. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடிருக்கும். இது பகலில் கடிக்கிற கொசு. பிள்ளைகள் கொல்லையில் விளையாடுகிற நேரமும் அதுதானே? சாக்கு மூட்டைக்கு அடியில் தேள் அடைவது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"எல்லாம் சரி, பொம்மையைக் குறைத்தால் பிள்ளை ஏங்கிப்போகாதா?" என்று பாட்டிமார் கேட்கிறார்கள். அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டு வயதை ஒட்டிய 36 குழந்தைகள். ஒரு தரம் 4 பொம்மை கொடுத்தார்கள், இன்னொரு தரம் 16 பொம்மை. நாலு இருந்தபோதுதான் குழந்தைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடின. டம்ளரும் கரண்டியும் எடுத்து வந்த அந்தப் பையன் நமக்குச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். சோளத்தட்டையில் வண்டி கட்டியும், நுங்குக் குரும்பையை உருட்டியும் வளர்ந்த உங்களுக்கு இதற்கு அமெரிக்க ஆய்வு தேவையில்லை என்பேன்.

அந்தத் தம்பதியர் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு இருவருமாக உட்கார்ந்து சாக்கைக் கொட்டினார்கள். இருவரும் என்பது முக்கியம். ஒருவர் வாங்கியதை மற்றவர் தனியாகத் தூக்கி எறிந்தால் அடுத்த நாள் வீட்டில் பொம்மையைப் பற்றியா சண்டை வரும்? உடைந்தது, கூர்முனை உள்ளது, பாட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாதது, சாயம் உரிவது எல்லாம் ஒரு பக்கம் போயின. அவற்றைக் கொளுத்தாதீர்கள், பிளாஸ்டிக் புகை நஞ்சு. பழைய சாமான்காரரிடமோ பஞ்சாயத்துக் குப்பை வண்டியிலோ போடுங்கள். பாட்டரியை மட்டும் கழற்றி, இரண்டு பக்கமும் ஒட்டுத்தாள் ஒட்டித் தனியாகக் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தவற்றைக் கழுவிக் காயவைத்து அங்கன்வாடிக்குக் கொடுத்தார்கள். காது பிய்ந்த ஒரு துணி முயலை அந்த அம்மா எறியப் போனார். தகப்பனார்தான், "அது இல்லாம அவன் தூங்கமாட்டான்" என்று திருப்பி எடுத்து வைத்தாராம். மாதம் நாலு நாள் வருகிறவர் அதைக் கவனித்திருந்தார்!

மிச்சத்தில் மூத்தவனுக்கு நாலு, சின்னதுக்கு இரண்டு. மற்றவை பரணுக்குப் போயின. தகப்பனார் ஊருக்கு வரும் நாளில் அவர் கையாலேயே ஒன்று பரணிலிருந்து இறங்கும், ஒன்று மேலே ஏறும். இது அந்த அம்மா கண்டுபிடித்த வழி, என்னுடையதல்ல.

புதிதாக வாங்கியே தீரவேண்டுமென்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் கடைப் பொம்மைகளுக்கு அது கட்டாயம். காதுகுத்து, பிறந்தநாள் என்று வருகிற சொந்தக்காரர்களிடம், "மாமா, பொம்மை வேண்டாம், ஒரு படப் புத்தகம் வாங்கிட்டு வாங்க" என்று கூச்சப்படாமல் சொல்லலாம்.

போன மாதம் அந்தத் தகப்பனாரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். "இந்தத் தரம் வெறுங்கையோட போனேன் சார்" என்றார். பையன் பையைத் தேடவில்லையா என்று கேட்டேன். "தேடினான். அரைமணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தான். அப்புறம் ரெண்டு பேருமா வாய்க்காலுக்குப் போனோம்."

உங்கள் வீட்டில் வேறு சிக்கல் இருந்தால் இப்போதே கேளுங்கள். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் துணை சுகாதார நிலையத்துக்கு வந்து செவிலியரிடம் கேளுங்கள்.