வேலைக்குச் செல்ல ஏற்ற மிதிவண்டி



மிதிவண்டியில் நகரத்து வேலைக்குச் சென்று வரும் நம் இளைஞர் சிலர், ‘ரோடு பைக்’ வாங்குவதா, ‘ஹைபிரிட்’ வாங்குவதா என்று என்னை வினவினர்.

ரோடு பைக், பந்தய வண்டியின் இனம். அதன் டயர் பெரும்பாலும் 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலமே உடையது. வளைந்த கைப்பிடியைப் பற்றிக் குனிந்து ஓட்டினால், தார்ச்சாலையில் அதன் வேகமே தனி. ஆனால், வாசலிலிருந்து நெடுஞ்சாலை வரையுள்ள சரளைப் பாதையை மறக்கலாகாது. (அதைச் செப்பனிட வேண்டியவர்களும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள், கோபிக்க வேண்டாம்.) குழியின் விளிம்பில் மோதினால், மெல்லிய டயருக்குள் டியூப் நசுங்கிக் கிழியும், அன்றைய கூலியும் போகும்.

ஹைபிரிட்டின் டயர் அகலமானது. நிமிர்ந்து அமர்ந்து, எதிரே வரும் லாரியையும் மாட்டையும் கண்டு ஓட்டலாம். கேரியர் பொருத்தவும் பெரும்பாலும் இடமுண்டு. சோற்றுத் தூக்கைத் தோளில் சுமக்க வேண்டியதில்லை. வழி முழுவதும் தார்ச்சாலை, சுமையும் இல்லை என்பவர் ரோடு பைக்கை நாடலாம். மற்றவர்க்கு ஹைபிரிட்டே என்பது என் கருத்து.

ஒன்று கவனியுங்கள். நம் பழைய 28 அங்குல வண்டியின் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இவ்விரு வகையிலும் பெரும்பாலும் 622. பழைய டயர் பொருந்தாது. ஆகையால், உள்ளூர்க் கடையில் விசாரித்த பின்னரே பணம் கட்டுங்கள். உபரியாக ஒரு டியூபும் வாங்கி வாருங்கள்.