மரத்தை விட்டு அரிதாகவே இறங்கும் குரங்கு



குரங்கு என்றதும், கையிலிருக்கும் பையைப் பறித்துக்கொண்டு ஓடும் நீண்ட வால் குரங்குதான் நம் நினைவுக்கு வரும். இன்று நாம் அறியவிருப்பது, மனிதரைக் கண்டதும் இலைகளுக்குள் மறைந்துவிடும் வேறோர் இனத்தை. தமிழில் முசு என்று வழங்கும் குரங்கு வகையைச் சேர்ந்த இதற்கு ராஃபிள்ஸ் பட்டை லங்கூர் என்று பெயர். சிங்கப்பூரையும் தீபகற்ப மலேசியாவின் தென்பகுதியையும் தவிர, உலகில் வேறெங்கும் இது இல்லை.

இதன் உடல் கறுப்பு. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் வெள்ளைப் பட்டை உண்டு. குட்டியோ வெண்மையாகப் பிறக்கும். முதுகில் மட்டும் சிலுவை போன்ற கருங்கோடு இருக்கும். ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று ஒரு குடும்பமாக இவை வாழ்கின்றன. இளந்தளிர், காய், பழம், விதை ஆகியவையே உணவு. பல அறைகள் கொண்ட இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், கடினமான இலையையும் செரிக்கச் செய்கின்றன.

மரத்துக்கு மரம் தாவிச் செல்லும் இந்த விலங்குக்கு, கிளைகளே பாதை. காட்டின் நடுவே சாலை வந்தால் அந்தப் பாதை அறுந்துபோகிறது. 1980களின் நடுவில் அமைந்த விரைவுச்சாலை, புக்கிட் தீமா காட்டை மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரித்தது. புக்கிட் தீமாவில் எஞ்சியிருந்த கடைசி லங்கூர், 1987இல் நாய்களால் கடியுண்டு மாண்டது. ஜொகூரிலோ, காடுகள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறின.

ஆயினும் நம்பிக்கை அற்றுப்போகவில்லை. 2010ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரில் குறைந்தது 40 லங்கூர்கள் இருப்பது தெரிந்தது; பின்னர் அத்தொகை 70ஐத் தாண்டியதாக மதிப்பிடப்பட்டது. 2016இல் இவற்றைக் காக்க ஒரு பணிக்குழு அமைந்தது. 2020இல் பழைய அப்பர் தாம்சன் சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்டப்பட்டன. லங்கூர்களும் அவற்றின் வழியே கடக்கப் பழகின. எனினும், சிறு கூட்டத்துக்குள்ளேயே இனம் பெருகுவதால் மரபணு வேறுபாடு குறைவு. எனவே எண்ணிக்கை கூடினால் மட்டும் போதாது. பிரிந்து கிடக்கும் காடுகளும் இணைய வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? காட்டுக்குச் செல்லும்போது அமைதி காப்போம். குரங்குகளுக்கு உணவளிக்காதிருப்போம். காட்டோரச் சாலையில் வாகனத்தை மெதுவாக ஓட்டுவோம். நமக்குப் பாதை அமைக்கும்போது, அவற்றின் பாதையையும் விட்டுவைப்பதே நியாயம்.