டிரைவரை அடித்தால் விபத்து நிற்குமா?

(புதுக்கோட்டை மாவட்டத்தில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் திருமயம் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 6ந் தேதி ஐயப்ப பக்தர்கள் வந்த வேனும் ஒரு கண்டெய்னர் லாரியும் மோதிப் பத்துப் பேர் மாண்டார்கள். 2023 டிசம்பர் 30ந் தேதி அதிகாலையில் நமணசமுத்திரம் பக்கம் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி ரோட்டோர டீக்கடையில் புகுந்து ஐந்து பேரைக் கொன்றது.

இந்தியா முழுவதும் 2022ம் வருஷத்தில் மட்டும் 1,68,491 பேர் சாலையில் செத்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். இவர்கள் யார்? நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். அதாவது, மொபெட்டில் ஷிப்டுக்குப் போகிற மில் தொழிலாளி. விடிகாலையில் நடவுக்கு நடந்து போகிற நம் தாய்மார். ஆகவே இதைப் பணக்காரர் வீட்டுக் கார் விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

காரணம் என்ன என்று சர்க்கார் அறிக்கை சொல்கிறது: நூறு சாவில் எழுபத்தொன்று அதிவேகத்தால். இதை நாம் மறுக்கவில்லை. சராசரி வேகம் ஒரு சதம் கூடினால் உயிர்ப்பலி விபத்து நாலு சதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சரி, வேகம்தான் கொல்கிறது. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? அந்தக் கேள்விக்கு அறிக்கையின் அட்டவணையில் கட்டமே கிடையாது!

ஜல்லி அடிக்கிற டிப்பர் டிரைவரைக் கேளுங்கள். கூலி நடைக்கு இவ்வளவு என்று பேசியிருப்பார்கள். நாலு நடை அடித்தால் அரிசி, ஆறு நடை அடித்தால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம். தனியார் பஸ்ஸில் கலெக்‌ஷன் பேட்டா. முன்னால் போகிற பஸ்ஸை முந்தினால்தான் ஸ்டாப்பில் நிற்கிற ஆள் கிடைக்கும், ஆள் கிடைத்தால்தான் பேட்டா கிடைக்கும். ஆக்சிலேட்டரில் இருப்பது டிரைவரின் கால். அந்தக் காலை மிதிக்கிற கால் ஒன்று உண்டு, அது முதலாளியின் கால்.

தூக்கத்துக்கு வருவோம். 1997ல் ஆஸ்திரேலியாவில் டாஸன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பதினேழு மணி நேரம் கண்விழித்திருப்பவனுடைய கை, கண், புத்தி ஆகியவை, 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனுடையதைப்போல மந்தமாகிவிடுகின்றன என்று கண்டார்கள். நம் நாட்டுச் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம் என்கிறது. குடித்து ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், வாயில் குழாயை வைத்து ஊதச் சொல்கிறார்கள். நல்லது, ஊதட்டும். ஆனால் தூங்கவிடாமல் ஓட்ட வைத்த முதலாளியை எந்தக் குழாயில் ஊத வைப்பது? டபுள் டூட்டி பார்த்துவிட்டு மொபெட்டில் வீடு திரும்புகிற மில் தோழரே, இந்தக் கணக்கு உமக்கும் சேர்த்துத்தான்.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லையா? இருந்தது. 1961ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்றது. தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, நடுவே அரைமணி ஓய்வு என்றது. ஐந்து தொழிலாளி உள்ள கம்பெனிக்கே அது பொருந்தியது. அதையும் ஏட்டில்தான் வைத்திருந்தார்கள். இப்போது 2025 நவம்பர் 21 முதல் அதைப் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்து, ஐந்து என்பதைப் பத்து ஆக்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் லாரி வைத்திருப்பவர்களில் பத்துத் தொழிலாளிக்குக் கணக்குக் காட்டுகிறவர் எத்தனை பேர்?

கூலியை உயர்த்தினால் விபத்து குறையுமா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெல்ஸர் என்று ஒரு பேராசிரியர் உண்டு. தாமே லாரி ஓட்டிய மனிதர். 1997ல் அங்கே ஒரு பெரிய லாரிக் கம்பெனி டிரைவர் சம்பளத்தை வெகுவாக உயர்த்தியது. அதன் கணக்குகளை அவரும் மற்றவர்களும் அலசினார்கள். சம்பளம் கூடிய பிறகு விபத்து குறைந்திருந்தது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே கிடைத்த சாட்சி இது!

இங்கே என்ன நடக்கிறது? விபத்து நடந்ததும் ஊரே திரண்டு டிரைவரை அடிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அடிக்குப் பயந்து டிரைவர் ஓடுகிறான், ரோட்டில் கிடப்பவர் ரத்தம் போய்ச் சாகிறார். ஓடினால் பத்து வருஷம் ஜெயில் என்று ஒரு ஷரத்து கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரித் தொழிலாளர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஷரத்து அமுலுக்கு வராமல் நின்றது. அடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால், அடிபட்டவரை அதே லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. உங்கள் ஊரில் விபத்து நடந்தால், முதலில் அடிபட்டவரைத் தூக்குங்கள். பிறகு டிரைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். வண்டியை எத்தனை மணிக்கு எடுத்தாய்? கடைசியாக எப்போது தூங்கினாய்? கூலி நாளைக்கா, நடைக்கா? அவன் சொல்லும் பதிலைப் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலத்தோடு எழுதச் சொல்லி ஊரார் நின்று வற்புறுத்துங்கள். எழுத மறுத்தால் சங்கத்துக்குத் தகவல் கொடுங்கள், நாங்கள் வருகிறோம். நடைக்கூலியை ஒழித்து நாள்கூலி, எட்டு மணி நேரம், பத்துப் பேர் என்ற வரம்பு நீக்கம்: இந்த மூன்று கோரிக்கைகளோடு கலெக்டருக்கு எழுதிய மனு பந்தல் வாசலில் தோழர்களிடம் இருக்கிறது. மோட்டார் தொழிலாளர்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கீழே உங்களுக்கென்று இடம் விட்டிருக்கிறது.